வீட்டுக்கு இரண்டு தலை

நான் எங்கள் ஊரில் குடியிருக்கவில்லை என்று என் தலைமுடி சொல்லிவிட்டது.

அதைப் படித்துச் சொன்னவள் நிவேதா, வேட்டை உரிம அலுவலகத்தில் முடி பார்க்கும் அதிகாரி. என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள், ஆனாலும் மேடம்தான். என் பின்னந்தலையில் ஒரு கொத்து முடியை வேரோடு பிடுங்கி, ஏதோ மருந்தில் அலசி, மிக்சி அளவுக்கு இருந்த ஒரு பெட்டிக்குள் வைத்தாள். பெட்டி கொஞ்ச நேரம் முனகியது. பிறகு சிவப்பு விளக்கு எரிந்தது.

“அக்கா, நீங்க எருக்கம்பட்டியில இல்லைன்னு வருது.”

“இல்லாம வேற எங்க இருக்கேனாம்?”

“ஆத்தோரமா. இங்கருந்து ரெண்டு பஸ்ஸு மாறிப் போகணும்.”

எனக்குச் சிரிப்புதான் வந்தது. அந்த ஆற்றை நான் கல்யாணமாகி வந்த அன்றைக்கு வேன் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. அடுத்து என் வீட்டுக்காரர் மாதேஷின் முடியை வைத்தாள். அதற்கும் சிவப்பு. அவரும் அதே ஆற்றோரம்தான் இருக்கிறாராம்.

“பரவால்ல தர்ஷினி. எங்க இருந்தாலும் சேந்துதான் இருக்கோம் போல,” என்றார்.

அவருக்கு எல்லாம் விளையாட்டு. எனக்கு வயிறு எரிந்தது. இரண்டு வெள்ளாமை நிலக்கடலையைக் காட்டுப்பன்றிகள் தின்று தீர்த்திருந்தன. காய் பிடிக்கும்வரை ஒன்றும் தெரியாது. பிடித்த பிறகு ஒரு நாள் விடிந்து பார்த்தால் ஏர் ஓட்டியது மாதிரி நிலம் புரண்டு கிடக்கும். சூரிய மின்வேலி போட்டோம். காய்ந்த கிளையை அதன்மேல் தள்ளிவிட்டுத் தாண்டக் கற்றுக்கொண்டன. வெடி போட்டோம்; பழகிவிட்டன. ஊரில் பாதி வீடு பூட்டியாகிவிட்டது. பூட்டிய ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலும் ஒரு பன்றிக் குடும்பம் குடியேறியது. மிச்சமிருப்பது துப்பாக்கி ஒன்றுதான். இந்த வருஷமும் கடலை வீடு வந்து சேராவிட்டால் ஓசூருக்குக் காவலாளி வேலைக்குப் போய்விடுவதென்று மாதேஷ் முடிவு செய்திருந்தார். நான் ஓசூரில் மூன்று வருஷம் இருந்து பார்த்தவள். ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர் மூக்கில் இடிக்கும். திரும்பிப் போக எனக்கு இஷ்டமில்லை. செத்தாலும் இஷ்டமில்லை.

“ஆதார் இருக்குது, ரேஷன் அட்டை இருக்குது, வி.ஏ.ஓ. எழுதிக் குடுத்தது இருக்குது. அதெல்லாம் விட்டுட்டு மயிரப் போய் நம்பறீங்களே மேடம்?”

நிவேதா கோபப்படவில்லை. இந்தக் கேள்வியைத் தினமும் கேட்டுப் பழகியவள் போலச் சொன்னாள். “அதெல்லாம் விலைக்குக் கிடைக்குதுக்கா. பெங்களூர்லருந்து ஜீப்புல வந்து, ஜாலிக்குச் சுட்டுட்டுப் போனாங்களே, அவங்க எல்லார்கிட்டயும் வி.ஏ.ஓ. சர்ட்டிபிகேட் இருந்துது. மான் செத்துது, மயில் செத்துது, மாடு மேய்க்கப் போன ஒருத்தரும் செத்தாரு. அதுக்கப்புறம்தான் இந்தச் சட்டம். அந்தந்த ஊர்ல நிஜமா குடியிருக்கறவங்களுக்குத்தான் துப்பாக்கி. நாம குடிக்கிற தண்ணியில அந்த ஊர் மண்ணோட உப்பு இருக்கும். அது முடியில ஏறும். சோறு எப்படியும் வெளியூர் அரிசிதான், அத மெஷின் கழிச்சிடும். தண்ணிதான் கணக்கு.”

“சரி, எத்தன பேரு முடி வேணும்?”

“வீட்டுக்கு ரெண்டு தலை. ஒரு தலை போதும்னு இருந்தப்ப, பங்களாவ வாங்கிப் போட்டுட்டு வாட்ச்மேன் தலையக் காட்டினாங்க. இப்ப ஒரே ரேஷன் அட்டையில உள்ள ரெண்டு பேரு, வேர்லருந்து நாலு விரல் நீளம். நாலு விரல்னா ஆறு மாசம்.”

மாதேஷின் முகத்தில் இருந்த விளையாட்டு அப்போதுதான் போனது. “கேன் தண்ணி,” என்றார் மெதுவாக.

எனக்கும் விளங்கிவிட்டது. எருக்கம்பட்டியில் யாரும் எருக்கம்பட்டித் தண்ணீரைக் குடிப்பதில்லை. எங்கள் போர் தண்ணீரில் ப்ளோரைடு. என் நாத்தனார் கலைமதி பக்கத்து வீடுதான். அவளைப் பார்த்தால் போதும். பல் முழுக்கப் பழுப்பு. முட்டி மடங்காது, முதுகு நிமிராது. நாற்பது வயதில் தரையைப் பார்த்தே நடந்தாள். அவள் வயதுக்காரர்கள் பலரும் அப்படித்தான். ஊர் கூடி, கரட்டு முனியப்பன் முன்னால் சூடம் அடித்துச் சத்தியம் செய்தார்கள், இனி எந்தப் பிள்ளை வாயிலும் போர் தண்ணீர் படக்கூடாது என்று. அன்றிலிருந்து ஆற்றுத் தண்ணீர் கேனில் வேனேறி வருகிறது. போர் தண்ணீர் மாட்டுக்கும் பாத்திரம் கழுவவும்தான். ஊரில் யாரும் இதுவரை மீறியதில்லை.

“வடிகட்டிக் குடிச்சா?” என்று கேட்டேன்.

“வடிகட்டினா உப்பு போயிடும்க்கா. உப்போட ஊரும் போயிடும்.”

“எங்க தண்ணி எப்பிடின்னு உங்களுக்குத் தெரியுமில்ல மேடம்?”

அவள் மேசையைப் பார்த்தாள். “மேல எழுதிப் போட்டேன். உள்ளூர்க்காரங்க உள்ளூர் தண்ணிதானே குடிப்பாங்க, இதுல என்ன சந்தேகம்னு பதில் வந்துது.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. ஆறு மாசம்தான். பெரியவங்க குடிச்சா ஒண்ணும் பெருசா ஆயிடாது. கார்த்திகையில வாங்க.”

அப்போது வைகாசி. பஸ்ஸில் வரும்போதே கணக்குப் போட்டுவிட்டேன். ஆனி விதைப்பு போனால் போகட்டும், கார்த்திகை விதைப்புக்குத் துப்பாக்கி கையில் இருக்கும்.

அன்று சாயங்காலமே ஒரு சொம்பு போர் தண்ணீரை மொண்டு அண்ணாந்து குடித்தேன். வாயெல்லாம் சவர்ப்பு. நாக்கில் சுண்ணாம்பு தடவியது மாதிரி இருந்தது. மாதேஷ் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொம்பை வாங்கி அவரும் குடித்தார். எங்கள் மகள் மகிழினி ராகிக் களியை உருட்டியபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆறாவது முடித்திருந்தாள். வாயாடி.

“நானும்மா?”

“வாயில வெச்ச, கைய ஒடிச்சிப்புடுவேன். ஒனக்கு கேன்தான்,” என்றேன். கேனை அவள் படுக்கும் பக்கமே நகர்த்தி வைத்து, அவள் டம்ளரையும் அதன்மேல் கவிழ்த்தேன். எங்களுக்கு வாங்குவதை நிறுத்திவிட்டோம். அவள் ஒருத்திக்கு மட்டும் வந்துகொண்டிருந்தது.

கலைமதிக்குத் தெரிந்ததும் வேலியோரம் வந்து நின்று திட்டினாள். “ஏம்மா, என்னப் பாத்துமா ஒனக்குப் புத்தி வரல? பன்னி கடலையத்தான திங்குது. இது எலும்பத் தின்னும்.”

“ஆறு மாசம்தான் அண்ணி.”

“எங்கம்மாவும் மழ வர்ற வரைக்கும்தான்னு சொல்லித்தான் எனக்குக் குடுத்துது.”

அன்றிலிருந்து எனக்கு ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளாமல் போனது. முட்டியில் சின்ன வலி வந்தால்கூட இதுதானோ என்று தோன்றும். காலையில் எழுந்ததும் கண்ணாடி முன்னால் போய்ப் பல்லைப் பார்ப்பேன். பின்னலை முன்னால் போட்டு, வேரிலிருந்து எத்தனை விரல் ஊர்க்காரியாகியிருக்கிறேன் என்று அளப்பேன். களை எடுக்கப் போனால் பாதியில் எழுந்து வரப்பைச் சுற்றி வருவேன். ஆனியில் விதைத்தோம். விதைத்த மூன்றாம் நாளே ஒரு மூலையைக் கிளறிப் போட்டிருந்தன.

ஆடியில்தான் வந்தது வினை.

மாதேஷுக்கு ஒரு வேண்டுதல் உண்டு. மகி கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சல் மண்டைக்கு ஏறி, ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். அவர் நேரே கரட்டு முனியப்பனிடம் ஓடி, பிள்ளை பிழைத்தால் வருஷா வருஷம் ஆடித் திருவிழாவில் மொட்டை போடுகிறேன் என்று விழுந்தார். பிள்ளை பிழைத்தது. ஒரு வருஷம் தவறியதில்லை. எங்கள் ஊர் ஆண்கள் எல்லோருமே ஏதாவது ஒரு வேண்டுதலுக்கு ஆடியில் மொட்டைதான். இறக்கிய முடியை வீணாக்குவதில்லை, மூட்டையாகக் கொண்டுவந்து கடலைக்காட்டு வரப்பைச் சுற்றித் தூவிவிடுவோம். மனித முடி மூக்கில் ஏறினால் பன்றி திரும்பிவிடும் என்று ஒரு நம்பிக்கை. முன்பு திரும்பியும் இருக்கிறது.

இந்த ஆடி மட்டும் தள்ளிப்போடுங்கள் என்று கெஞ்சி அவரைச் சம்மதிக்க வைத்திருந்தேன். திருவிழாவுக்கு முந்தின நாள் மகிக்கு வயிற்றுவலி. வாந்தி, பிறகு காய்ச்சல். சுருண்டு படுத்துவிட்டாள். திருவிழா அன்று மருந்து வாங்கப் போனவர் மருந்தோடு வந்தார். தலை மழமழவென்று இருந்தது, சந்தனம் பூசியிருந்தது.

நான் கையில் இருந்த முறத்தை விட்டெறிந்தேன். “ரெண்டு நாள் பொறுக்க முடியலியா? கொழந்தைக்குச் சாதாரண காய்ச்சல்!”

“அவ உசுருக்கு வேண்டினது தர்ஷினி. அத வெச்சி என்னால சூதாட முடியாது.”

“குடிச்ச தண்ணியெல்லாம் போச்சே! ரெண்டு மாசத்துத் தண்ணி!”

“தண்ணி போகட்டும். அவ இருக்கணும்.”

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. மறுநாள் மகி எழுந்து இட்லி கேட்டாள். அவர் என்னைப் பார்த்த பார்வையில், பார்த்தாயா என்று இருந்தது. அவருடைய முடி எப்போதும் போல வரப்புக்குப் போனது. துப்பாக்கி வாங்கித் தரவேண்டிய முடி அது.

புரட்டாசியில் காய் திரண்டது. பன்றிகள் வந்தன. அந்த முடியை மிதித்துக்கொண்டேதான் வந்தன.

அன்று காலை பாழான காட்டில் நிற்கப் பிடிக்காமல் நடந்தேன். முள்கம்பியில் பன்றிமயிர் கொத்தாகச் சிக்கியிருந்தது. உருவிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, இருந்த சேலையோடு பஸ் ஏறி அலுவலகத்துக்குப் போய் நிவேதாவின் மேசையில் போட்டேன்.

“இதப் பாருங்க. இது எந்த ஊருன்னு சொல்லுங்க.”

“அக்கா, இது மனுஷ முடி இல்ல.”

“தெரியும். பாருங்க.”

மதிய நேரம், ஆள் இல்லை. அவளுக்கும் ஆசை வந்திருக்க வேண்டும். வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. திரையில் எங்கள் ஊரின்மேல், எங்கள் சர்வே நம்பருக்குள்ளேயே, புள்ளி வந்து நின்றது. இதுவரை அப்படி ஒரு பச்சையை நான் பார்த்ததே இல்லை.

“நூத்துக்கு நூறு உள்ளூரு. இதுக்கு வேணா லைசென்ஸ் குடுக்கலாம்,” என்று சிரித்துவிட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். “மன்னிச்சிக்கங்கக்கா.”

“அது லைசென்ஸ் இல்லாமலே எங்கள வேட்டையாடிக்கினு இருக்குது மேடம்.”

ஆடி மொட்டையைச் சொன்னேன். வரப்பில் கிடக்கும் முடியைப் பொறுக்கி வந்தால் ஆகாதா என்று கேட்டேன். வெட்டின முடி செல்லாது, கண்ணெதிரே தலையிலிருந்து பிடுங்க வேண்டும் என்றாள். “நாலு விரல்தான் சட்டம். ஆனா மூணு விரல் இருந்தாலே மெஷின் உள்ள வாங்கிக்குது. அதுக்குக் கொறஞ்சா வாங்கவே வாங்காது. சாரோட முடிய வளக்கப் பாருங்க.”

அதன் பிறகு எங்கள் வீடு ஒரு முடி வளர்ப்புப் பண்ணையானது. கரிசலாங்கண்ணி எண்ணெய், வெங்காயச் சாறு, செம்பருத்தி என்று யார் எதைச் சொன்னாலும் மாதேஷின் தலையில் அரைத்துப் பூசினேன். வெங்காய நாற்றத்தில் மாடுகூட அவர் பக்கத்தில் வரவில்லை. நான் தினமும் விரல் வைத்து அளப்பதைப் பார்த்து மகி விழுந்து விழுந்து சிரிப்பாள். “அப்பா தலையில பயிரு எப்பம்மா அறுப்பு?” என்பாள். எனக்கும் சிரிப்பு வரும். அதற்குப் பின்னாலேயே பயமும் வரும்.

கார்த்திகையில் போனோம். மழை விடுமுறை என்பதால் மகியும் ஒட்டிக்கொண்டாள். துப்பாக்கி எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமாம். சொந்தக் காட்டு எல்லையைத் தாண்டினால் தானே பூட்டிக்கொள்ளும் துப்பாக்கி என்று பள்ளியில் யாரோ சொல்லியிருந்தார்கள்.

என் முடியை வைத்தாள். பெட்டி முனகியது. பச்சை.

நான் அழுதுவிட்டேன். ஒரு விளக்குக்காக ஆறு மாதம் விஷத்தைக் குடித்திருக்கிறேன் என்ற நினைப்பெல்லாம் அப்போது வரவில்லை. நான் என் ஊர்க்காரி, அரசாங்கமே சொல்லிவிட்டது. அந்தச் சந்தோஷம்தான் வந்தது.

மாதேஷ் குனிந்தார். நிவேதா அளந்து பார்த்தாள். மறுபடி அளந்தாள். இரண்டரை விரல். ஆனாலும் வைத்துப் பார்த்தாள். பெட்டி முனகவே இல்லை. முடியைத் திருப்பித் துப்பியது.

“தை மாசம் வாங்கக்கா.”

“தை மாசம் வந்து என்ன பண்றது? வெத இப்ப விழணும்!” நான் கத்தியதில் வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மாதேஷ் தன் தலையைத் தடவிக்கொண்டார். “சரி, விடு தர்ஷினி. ஓசூருக்கு நாளைக்கே போன் பண்ணிடறேன்.”

அப்போதுதான் மகி முன்னால் வந்தாள். “மேடம், சின்னப் புள்ளைங்க முடி செல்லுமா?”

“செல்லும்டா கண்ணு. துப்பாக்கிக்குத்தான் வயசு வேணும். வீட்ல குடியிருக்கறதுக்கு எதுக்கு வயசு?”

“அப்ப என்னோடதப் பாருங்க.”

“அவ கேன் தண்ணி குடிக்கிறவ மேடம்,” என்றேன். “வீணா எதுக்குப் பிடுங்கறீங்க?”

மகி அதற்குள் திரும்பி நின்று பின்னலை ஒதுக்கிக் கழுத்தைக் காட்டினாள். பிடுங்கும்போது முகத்தைச் சுளிக்கக்கூட இல்லை. பெட்டி முனகியது. நான் மாதேஷின் கையைப் பிடித்துக்கொண்டேன். எதற்குப் பிடித்தேன் என்று எனக்கே தெரியாது.

பச்சை. பன்றிமயிரை வைத்தபோது எரிந்த அதே பச்சை.

அவள் தோளைப் பிடித்துத் திருப்பினேன். “எப்பிருந்துடி?”

“மொத நாள்லருந்து. நீங்க குடிச்ச அன்னைக்கே.”

“கேன் தண்ணிய என்னடி பண்ணின?”

“கலைமதி அத்தைக்கு ஊத்திட்டேன். அவங்களுக்குத் தெரியாது, நீ குடுத்தனுப்பினதா சொன்னேன்.”

“சொன்னேனே, வாயில வெக்காதன்னு... ஏன்டி?”

அவள் அப்பாவைப் பார்த்தாள். கோபமாக இல்லை, பாவம் பார்க்கிற மாதிரி. “அப்பா எப்படியும் மொட்ட போட்டுருவாரும்மா. எனக்குத் தெரியும். எனக்காக வேண்டினது இல்ல?”

மாதேஷ் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தார். ஆடியில் வந்த வயிற்றுவலி எதனால் வந்தது என்று அவருக்கும் விளங்கியிருக்க வேண்டும்.

நிவேதாவின் கை திரைமேல் நின்றது. “அக்கா, ரெண்டு தலை ஆயிடுச்சு. பதியட்டுமா?”

வேண்டாம் என்று சொல்லலாம். குடித்தது குடித்ததுதான், இனி வேண்டாம் என்று சொன்னால் மட்டும் அவள் எலும்பிலிருந்து அது இறங்கி வந்துவிடுமா? ஓசூர் ஜன்னலும் அந்தச் சுவரும் ஞாபகம் வந்தன. “பதியுங்க,” என்றேன்.

உரிம அட்டை சூடாக வெளியே வந்தது. எங்கள் ஊர், எங்கள் சர்வே நம்பர், என் பெயர், மகிழினி பெயர். நிவேதா அதை என் கையில் கொடுக்கும்போது நேராகப் பார்க்கவில்லை.

“வருஷா வருஷம் புதுப்பிக்கணும்க்கா. இதே ரெண்டு தலையக் காட்டணும். நடுவுல பேர் மாத்த முடியாது.”

பஸ் ஸ்டாண்டில் வெயில் அடித்தது. மழை விட்டிருந்தது. துப்பாக்கி அடுத்த வாரம் வீட்டுக்கே வருமாம். மகி அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். எத்தனை குண்டு, எவ்வளவு சத்தம், சுட்டால் தோள் வலிக்குமா. பேசிப் பேசித் தொண்டை காய்ந்து இருமினாள். மாதேஷ் ஓடிப்போய் ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கி வந்தார், மூடியைத் திருகித் திறந்து நீட்டினார்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“வேணாம்ப்பா. முடியில தெரிஞ்சிடும். வீட்டுக்குப் போய்க் குடிச்சிக்கறேன்.”

குடிடி என்று சொல்ல வாயெடுத்தேன். மடியில் உரிம அட்டை இருந்தது. சொல்லவில்லை.